லியோனார்ட் வீட்டு மன்னிப்பு

பிஸ்கட் டின்னுக்குள் கைவிட்டு அந்தச் சீட்டை எடுத்தது லியோனார்ட்தான். அதில் மாற்றுப் பேச்சுக்கே இடமில்லை. பதினான்கு வீட்டு ஆட்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்.

புனே நகரத்துப் போபோடியில் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் பதினான்கு சேர்ந்து ஓர் அன்பியம் நடத்துகின்றன. அன்பியம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஞாயிறு சாயங்காலம் யாராவது ஒருவர் வீட்டில் கூடி செபம் சொல்வார்கள், ஒரு பாட்டு, பிறகு டீ, பிறகு ஊர்க்கதை. தவக்காலம் தொடங்குவதற்கு முன்னால் மட்டும் அங்கே ஒரு வழக்கம் உண்டு. பொறுமை, தாழ்ச்சி, வாய்மை, இரக்கம் என்று நல்ல குணங்களாகப் பார்த்துச் சீட்டில் எழுதி டின்னில் போட்டு, வீட்டுக்கு ஒன்று எடுக்கச் சொல்வார்கள். எடுத்த குணத்தை அந்த வீடு நாற்பது நாள் கடைப்பிடிக்க வேண்டும். ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு அன்று வீட்டுக்கு ஒருவர் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். சீட்டு ஆளுக்கில்லை, வீட்டுக்கு. அதுதான் சட்டம். சட்டம் போட்டவர் அன்பியத்தை நடத்துகிற ஸ்டெல்லா டீச்சர். போன வருஷம் கிறிஸ்டோபர் வீட்டுக்கு நாவடக்கம் விழுந்தது. அந்த மனுஷன் நாற்பது நாளும் நாவடக்கத்தைப் பற்றியே பேசித் தீர்த்தார்.

இந்த வருஷம் கூட்டத்தை லியோனார்ட் வீட்டில் வைத்தார்கள். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனதைத் தவிர லியோனார்ட் இரண்டு வருஷமாகக் கீழே இறங்கியதில்லை என்பதால் அன்பியமே மேலே ஏறி வந்தது. இருக்கிற ஒரே கூடத்தில் இருபத்தைந்து பேர் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். லியோனார்ட் கட்டிலில் தலையணைகளை முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்தார். அவர் மனைவி மில்ட்ரெட் அடுக்களையில் டம்ளர்களை வரிசையாக வைத்து டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மன்னிப்பு," என்று லியோனார்ட் சீட்டைப் பிரித்து உரக்க வாசித்தார்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வாசற்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் ஜோசபின் உட்கார்ந்திருந்தாள். லியோனார்டை இந்தக் கட்டிலில் போட்டது ஜோசபினின் மகன் கிரேக்.

அது ஊரறிந்த கதை. லியோனார்ட் கட்கிப் பக்கம் ஒரு பட்டறையில் ஃபிட்டராக இருந்தார். ஷிஃப்ட் முடிந்து சாலையோரமாக வீட்டுக்கு நடந்து வந்தவரை, சிக்னலில் நிற்கப் பொறுக்காமல் எதிர்த்திசையில் புகுந்து வந்த கிரேக்கின் பைக் தூக்கி அடித்தது. காதில் போனை இடுக்கிக்கொண்டு வந்தான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். லியோனார்டுக்கு முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே ஒன்றும் கிடையாது, இடது கையிலும் பாதிப் பலம்தான். கிரேக்குக்கு முழங்கையில் நாலு தையல். ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தங்களால் ஆனதை ஜோசபின் வீட்டார் கொடுத்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. போலீஸ் கேஸ் மட்டும் கோர்ட்டில் கிடந்து இழுத்துக்கொண்டிருந்தது.

"ஆண்டவர் பேசிட்டாரு," என்றார் லியோனார்ட். முப்பது வருஷம் கோயில் பாட்டுக்குழுவில் முன்னால் நின்ற குரல் அது, லேசாகத் தழுதழுத்தாலே கேட்கிறவர்களுக்கு உள்ளே என்னவோ செய்யும். "இதுக்கு மேல நான் என்ன யோசிக்க? என் மனசுல ஒண்ணுமில்ல ஜோசபின். நான் மன்னிச்சிட்டேன்."

ஜோசபின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஸ்டெல்லா டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். அடுக்களையில் மில்ட்ரெட் ஊற்றிய டீ டம்ளரில் நிறைந்து மேடையெல்லாம் ஓடியது. துணியை எடுத்துத் துடைத்தாள். இவரை யார் கேட்டார்கள் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீயை மட்டும் எல்லாருக்கும் சரியாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பின்னாளில் மில்ட்ரெட்டைக் கல்நெஞ்சுக்காரி என்று சொன்னவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவராவது காலை ஐந்தரைக்கு அந்த வீட்டுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வரும். பிடித்து வைத்துவிட்டு, கட்டிலில் விரித்த பெட்ஷீட்டின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, எண்பத்து மூன்று கிலோ மனுஷனைச் சுவர்ப்பக்கம் புரட்டுவாள். டயப்பரை அவிழ்த்து, வெந்நீரில் துடைத்து, இடுப்புக்குக் கீழே சின்னதாக வாய் திறந்திருக்கிற படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைப்பாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டாவிட்டால் அந்தப் புண் பெரிதாகும். பிறகு நாற்காலிக்கு மாற்ற வேண்டும். பழைய சேலை ஒன்றை நாலாக மடித்துத் தைத்து ஒரு பட்டை வைத்திருந்தாள். அதை அவர் இடுப்பில் கட்டி, தன் முழங்காலை அவர் முழங்காலோடு முட்டி, பட்டையைப் பிடித்து ஒரே மூச்சில் எழுப்பித் திருப்பி உட்காரவைப்பாள். தவறினால் இரண்டு பேரும் தரையில்தான். மூன்று தடவை விழுந்திருக்கிறார்கள்.

பத்து மணிக்கு அவள் வேலைக்குப் போக வேண்டும். சாங்விக்குப் போகிற வழியில் ஒரு போளி பாஜிக் கடை. போளி என்றதும் நம் ஊர் இனிப்புப் போளி என்று நினைத்துவிடக் கூடாது, புனேயில் சப்பாத்திக்குத்தான் அந்தப் பேர். மூன்று மணி நேரத்தில் இருநூறு போளி தேய்த்துப் போடுவாள். கூட வேலை செய்கிற மராத்திப் பெண்கள், "மில்ட்ரெட்தாயி, உங்க கை மெஷின்" என்பார்கள். தாயி என்றால் மராத்தியில் அக்கா. சாயங்காலம் தோளைத் தூக்கித் தலை சீவ முடியாது என்பது அவர்களுக்குத் தெரியாது. அவள் இல்லாத நேரம் எதிர்வீட்டு அம்மாள் ஒரு தடவை வந்து லியோனார்டைப் புரட்டிவிட்டுப் போவாள். ஒரே மகள் ரியா கல்யாணமாகி நாக்பூரில் இருந்தாள். வாரம் இரண்டு தடவை போன் வரும்.

அடிபட்ட புதிதில் அன்பியத்து ஆட்கள் நாள் தவறாமல் வந்தார்கள். மூன்று மாதத்தில் அது குறைந்தது, ஆறு மாதத்தில் நின்றது. யாரையும் குறை சொல்ல முடியாது, அவரவர் பாடு அவரவர்க்கு. லியோனார்ட் சன்னல் வழியாக மெட்ரோ போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டு கிடந்தார். நாலு பேர் நடுவிலேயே வாழ்ந்த மனுஷனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

சீட்டு எடுத்த மறு வாரமே ஜோசபின் வந்தாள். மதியம் மூன்று மணி. மார்ச் மாதத்து வெயில் தகரக் கூரைகளில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. முளா ஆற்றுப் பக்கமிருந்து அடித்த காற்றில் ஆகாயத்தாமரை அழுகுகிற வாடை. லியோனார்ட் தூங்கிக்கொண்டிருந்தார். கடையில் மிஞ்சிய இரண்டு போளியைப் பருப்பில் தோய்த்து மில்ட்ரெட் அப்போதுதான் வாயில் வைத்திருந்தாள்.

"மைனி, உள்ள வரட்டா?"

"வந்துட்டேல்ல. உக்காரு. சாப்டியா?"

"ஆச்சு மைனி. நீங்க சாப்பிடுங்க." ஜோசபின் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவருக்கும் முப்பது வருஷப் பழக்கம். பூர்வீகம் இரண்டு பேருக்கும் வடக்கன்குளம் பக்கம், தாத்தா காலத்தில் பட்டாளத்து வேலைக்கு வந்த குடும்பங்கள். "கிரேக்குக்கு கனடாவுல வேலை சரியாயிருக்கு மைனி. கேஸ் இருந்தா போலீஸ்ல சர்ட்டிபிகேட் தர மாட்டாவளாம். அண்ணன் கோர்ட்டுக்கு நேர்ல வந்து, எனக்கு ஆட்சேபணை இல்லன்னு ஜட்ஜு முன்னால ஒரு வார்த்த சொன்னாப் போதும், முடிச்சிரலாம்னு வக்கீல் சொல்லுதாரு. தேதி குடுத்திருக்காவ. குருத்து ஞாயிறு கழிஞ்சு வார செவ்வாக்கிழமை. அத விட்டா அடுத்த தேதி மழைக்குப் பெறகுதானாம். அதுக்குள்ள அந்த வேலை போயிரும்."

"அண்ணன்ட்ட கேட்டியா?"

"கேட்டேன். போன்லயே சரின்னுட்டாவ."

"பெறகு என்ட்ட என்ன?"

ஜோசபின் தரையில் கிடந்த பருப்புத் துளியை விரலால் தொட்டுத் துடைத்தாள். "நீங்க கூட்டிட்டு வராம அண்ணன் எப்படி வருவாவ?"

விஷயம் அதுதான். மன்னிக்கிறவர் தன் காலால் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. மன்னிப்பை இரண்டு மாடி இறக்கி, வண்டியில் ஏற்றி, கோர்ட்டில் நாலு மணி நேரம் உட்காரவைத்து, நடுவில் டயப்பர் மாற்றி, திரும்பக் கொண்டுவந்து படுக்கவைக்க மில்ட்ரெட் வேண்டும்.

"கிரேக் எங்க?" என்றாள் மில்ட்ரெட்.

"வேலைக்குப் போயிருக்கான். ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனில்லா. காலைல ஆறே காலுக்கு கம்பெனி வண்டி வந்திரும். திரும்பும்போது அந்த ட்ராஃபிக்ல..."

"ரெண்டு வருசமாவா ட்ராஃபிக்ல நிக்கான்?"

ஜோசபின் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

"ஞாயித்துக்கிழமையும் கம்பெனி வண்டி வருமோ?"

"வெக்கம் மைனி. ஆன்ட்டி மூஞ்சில எப்படி முழிப்பேங்கான். ஒழுங்காத் தூங்கி எத்தன நாளாச்சு தெரியுமா? எம்புள்ள கெட்டவன் இல்ல மைனி. நீங்க தூக்கி வளத்த புள்ள."

"அதத்தான் நானும் சொல்லுதேன். நான் தூக்குன புள்ள. ஒரு நாளு வந்து எங்கள ஒரு கை தூக்கலியே." மில்ட்ரெட் தட்டை நகர்த்தி வைத்தாள். "நீ என்ட்ட எது வேணாலும் கேளு ஜோசபின், தாரேன். இத மட்டும் கேக்காத. எங்கிட்ட இல்ல."

ஜோசபின் போகும்போது செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, பாதிப் படியிலிருந்து திரும்பி ஏறி வந்து மாற்றிக்கொண்டு போனாள். மில்ட்ரெட்டுக்கு அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பாவமாக இருந்தால் மனசு மாறிவிட வேண்டுமென்று ஏதாவது சட்டமா?

லியோனார்ட் தூங்கவில்லை. எல்லாம் கேட்டுக்கொண்டுதான் கிடந்தார்.

"அடிபட்டது நான். வலி என்னது. மன்னிக்கேன்னு நான் சொல்லுதேன். இதுல உனக்கு என்னட்டி வந்துச்சு?"

"படுத்தது நீங்க. தூக்குதது யாரு?"

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. வீட்டுச் சொத்துல பாதி என்னது. நீங்கபாட்டுக்கு மொத்தத்தையும் எடுத்துத் தானம் பண்ணுதிய. பண்ணுததுக்கு முந்தி, ஏ மில்ட்ரெட், குடுத்திரவான்னு ஒரு வார்த்த கேட்டியளா?"

"மன்னிக்கது என்ன சொத்தா?"

"சொத்துதான். எனக்கு இந்த வீட்டுல வேற என்ன இருக்கு? என் கோவம்தான் இருக்கு. காலைல அஞ்சரைக்கு எந்திக்கும்போது அதுதான் என் இடுப்ப நிமுத்தி விடுது."

"உனக்கு நெஞ்சுல ஈரமே இல்ல."

"ஈரத்த எல்லாம் தொடச்சுத் தொடச்சுத்தான் காஞ்சு போச்சு," என்றாள் மில்ட்ரெட்.

இரண்டு நாள் லியோனார்ட் சரியாகச் சாப்பிடவில்லை. அவருக்கு அது தவக்காலத்து ஒறுத்தல், அவளுக்கு அது பிடிவாதம். கஞ்சியையும் பருப்புத் துவையலையும் கட்டிலருகில் வைப்பாள், ஆறியதும் எடுத்துக்கொண்டு போவாள். ஆனால் அவர் மன்னித்துவிட்டார் என்ற செய்தி பதினான்கு வீடுகளைத் தாண்டி, பங்குக் கோயிலைச் சேர்ந்த எல்லாரிடமும் பரவிவிட்டது. ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கிறிஸ்டோபர் மனைவியோடு வந்தார். பாட்டுக்குழுப் பிள்ளைகள் வந்தார்கள். வேறு பங்குக் கோயிலிலிருந்து முன்பின் தெரியாத ஒரு குடும்பம் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, "உங்க கையத் தொட்டு செபம் பண்ணணும்" என்று கட்டிலருகில் முழங்காலில் நின்றது. லியோனார்ட் நாற்காலியில் உட்கார்ந்து பேசினார், பாடினார், பழைய பாட்டுக்குழுக் கதைகளைச் சொல்லிச் சிரிக்கவைத்தார். மில்ட்ரெட் வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டாள்.

அப்படி ஒரு நாள் காலை அவர், "முகத்த வழிச்சு விடுதியா? யாராவது வருவாவ," என்று கேட்டார். ஷேவ் செய்யச் சொல்லி அவராகக் கேட்டு இரண்டு வருஷமாகிறது. மில்ட்ரெட் சோப்பு நுரையைத் தடவி, தாடையைப் பிடித்து மெதுவாக வழித்தாள்.

"மில்ட்ரெட்."

"பேசாதிய. வெட்டிரும்."

"நாலு பேரு வாராவ. ரெண்டு வருசமா யாரு வந்தா, சொல்லு. இப்ப என்னயப் பாத்து, லியோனார்ட் அண்ணன மாதிரி வருமாங்காவ. நான் வேற என்னத்தப் பண்ண முடியும்? நட்டு போல்ட்டு முறுக்க முடியுமா? கோயிலுக்குப் போயிப் பாட முடியுமா? குடுக்கதுக்கு எங்கிட்ட இது ஒண்ணுதான் இருக்கு. அதயும் குடுக்கக் கூடாதுங்க."

மில்ட்ரெட் பிளேடைத் தண்ணீரில் அலசினாள். கழுத்துப் பக்கம் மிச்சமிருந்தது. அதையும் வழித்து, துண்டால் ஒற்றி, பவுடர் போட்டுவிட்டாள். அவர் சொன்னதில் பொய்யில்லை என்பதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

குருத்து ஞாயிறு சாட்சிக் கூட்டமும் அந்த வீட்டிலேயே நடந்தது. கூடம் கொள்ளாமல் படிக்கட்டு வரை ஆட்கள். ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். தாராளம் விழுந்த வீடு பழைய துணிகளைக் கொடுத்திருந்தது. பொறுமை விழுந்த வீட்டு மருமகள், மாமியாரைப் பார்த்துக்கொண்டே, ரொம்பக் கஷ்டப்பட்டுக் கடைப்பிடித்ததாகச் சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தாள். கடைசியில் லியோனார்ட். அவர் பேசிய பத்து நிமிஷமும் ஒரு குழந்தைகூடச் சிணுங்கவில்லை. "எங்க வீட்டுக்கு மன்னிப்பு வந்துச்சு. நாங்க மன்னிச்சிட்டோம்," என்று முடித்தபோது ஆண்களே கண்ணைத் துடைத்தார்கள்.

"மில்ட்ரெட், நீங்களும் வந்து ரெண்டு வார்த்தை சொல்லணும்," என்று ஸ்டெல்லா டீச்சர் அவள் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். "எவ்வளவு பெரிய சாட்சி! நீங்க சொன்னாத்தான் முழுசாகும்."

"எனக்குப் பேச வராது டீச்சர்."

"மனசுல இருக்கறதைச் சொல்லுங்க, போதும்."

மில்ட்ரெட் கட்டிலைப் பார்த்தாள். லியோனார்ட் வேண்டாம் என்பதுபோல லேசாகத் தலையாட்டினார்.

"அவிய மன்னிச்சிட்டாவ," என்றாள் மில்ட்ரெட். "நான் மன்னிக்கல."

யாரோ இருமினார்கள்.

"சீட்டு வீட்டுக்குங்கிய. இந்த வீட்டுல ரெண்டு பேரு இருக்கோம் டீச்சர். இவிய சொன்னது இவியளோடது. செவ்வாக்கிழமை இவியள நான் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போவேன். ஜோசபின், நீ பயப்படாத. இவிய ஆசப்படுதாவ, அதுக்காகக் கூட்டிட்டுப் போவேன். என்னய மட்டும் நாங்கன்னு சேக்காதிய."

கூட்டம் சீக்கிரமே கலைந்தது. அன்று டீ யாரும் கேட்கவில்லை. படியிறங்கும்போது, "இவ்வளவு பேருக்கு முன்னால புருஷன இப்படியா பண்ணுவா?" என்று ஒரு பெண் குரல் சொன்னது மேலே நன்றாகவே கேட்டது. லியோனார்ட் அவளோடு பேசவில்லை. அவள் புரட்ட வேண்டிய நேரத்துக்குப் புரட்டினாள்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ஆட்டோ ஸ்டாண்ட் ஆட்கள் மூன்று பேர் வந்து லியோனார்டை நாற்காலியோடு கீழே இறக்கினார்கள். ஜோசபின் வாடகைக்குப் பெரிய வண்டி பிடித்திருந்தாள். கிரேக் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மெலிந்திருந்தான், தாடி விட்டிருந்தான். "குட் மார்னிங் அங்கிள்" என்றான். மில்ட்ரெட்டைப் பார்த்ததும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கோர்ட்டில் மூன்றரை மணி நேரம் காத்திருந்து, உள்ளே ஐந்து நிமிஷம். நீதிபதி சின்ன வயதுப் பெண். யாராவது வற்புறுத்தினார்களா என்று மராத்தியில் கேட்டார். லியோனார்ட் நல்ல மராத்தியில், யாரும் வற்புறுத்தவில்லை, முழு மனசோடு சொல்கிறேன் என்றார். கையெழுத்துப் போட்டார். மில்ட்ரெட்டிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க அவள் அந்தக் கேஸில் இல்லை. அவள் டயப்பர் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மாற்றுவதற்குத் தோதான இடம் அங்கே கிடைக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் லியோனார்ட்.

திரும்பி வரும்போது இரண்டு மணி. சந்தில் ஈ காக்கை இல்லை. ஆட்டோக்காரர்கள் மூன்று பேரும் சவாரி போயிருந்தார்கள். கடைகளில் பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. வண்டிக்காரன் அடுத்த வாடகை இருக்கிறது என்று அவசரப்படுத்தி, லியோனார்டை நாற்காலியில் இறக்கி வைக்க மட்டும் கைகொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டான். படிக்கட்டு வாசலில் நாலு பேர் மிஞ்சினார்கள். ஜோசபினுக்கு முட்டிவலி. நாற்காலியோடு தூக்க மூன்று ஆள் வேண்டும்.

"ஸ்டாண்ட் ஆளுங்க வரட்டும். காத்திருப்போம்," என்றார் லியோனார்ட்.

"உக்காந்து ஆறு மணி நேரமாச்சு. புண்ணு என்னத்துக்காகும்?" மில்ட்ரெட் பையிலிருந்து சேலைப் பட்டையை எடுத்தாள். "கிரேக், இங்க வா."

அவன் வந்தான்.

"முதுகுல ஏத்திக்கோ. குனிஞ்சு உக்காரு. இன்னும் கீழ. அங்கிளோட கைய உன் தோளுக்கு மேல இழுத்துக்கோ. இடது கையப் பாத்துப் பிடி, அதுல பலம் கிடையாது."

"ஆன்ட்டி, நான் இது பண்ணினதே இல்ல. விழுந்துட்டா?"

"விழ மாட்ட. நான் பின்னால இருக்கேன்." பட்டையை இரண்டு பேர் இடுப்பையும் சேர்த்துச் சுற்றி, கிரேக்கின் வயிற்றில் இறுக்கி முடிச்சுப் போட்டாள். "முழங்கால ஊனி எந்தி. முதுக வளைக்காத. எந்தி."

முதல் தடவை எழ முடியவில்லை. இரண்டாவது தடவை எழுந்து தள்ளாடிச் சுவரில் சாய்ந்தான். மில்ட்ரெட் கீழிருந்து லியோனார்டின் இடுப்பைத் தாங்கினாள். ஒரு படி, இன்னொரு படி. கிரேக்குக்கு மூச்சு இரைத்தது. ஏழெட்டுப் படி ஏறியிருப்பார்கள். காலையிலிருந்து மாற்றாத டயப்பர் அந்த அழுத்தத்தில் தாங்காமல் பக்கவாட்டில் கசிந்தது. கிரேக்கின் சட்டை நனைந்து, சூடாக இடுப்பு வரை இறங்கியது.

பையன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் மேல் அநியாயமாகப் பழி போடக் கூடாது. தோள் மட்டும் ஒரு தடவை தானாகக் கூசிச் சுருங்கியது, அவ்வளவுதான்.

லியோனார்ட் அதைக் கண்டார்.

"அருவருப்பா இருக்காலே உனக்கு?"

"இல்ல அங்கிள், இல்ல..."

"அருவருப்பா இருக்கா?" பலமுள்ள வலது கை மேலெழுந்து அவன் காதோடு சேர்த்து அறைந்தது. "ஒரு நிமிசம் ஒனக்கு! எனக்கு ரெண்டு வருசம்! உன்னாலதானேலே? உன்னாலதானே நான் இப்படிக் கிடக்கேன்?" மறுபடி அறைந்தார். தலையில், கழுத்தில், கன்னத்தில், கை பட்ட இடத்திலெல்லாம். "என்னய இறக்கி விடுலே! தொடாத என்னய! நாயே, தொடாத!"

இறக்கி விட முடியாது. இரண்டு பேரையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தது. கீழே நின்ற ஜோசபின், "அண்ணே, வேண்டாம்ணே!" என்று கத்தினாள். கிரேக்கின் கால்கள் நடுங்கின. "சாரி அங்கிள், சாரி அங்கிள்," என்று அவன் அழுதுகொண்டே சொன்னான். பின்னால் சாய்ந்தால் மூன்று பேரும் உருள வேண்டியதுதான்.

மில்ட்ரெட் லியோனார்டின் முதுகில் தன் தோளைக் கொடுத்து மேலே தள்ளினாள்.

"கிரேக், கைய விட்டுறாத. சுவத்தப் பிடி. அடிச்சா அடிக்கட்டும், நீ ஏறு. அடுத்த படி. ஆங். இன்னும் ஒண்ணு."

மேலே போய்ச் சேர்வதற்குள் லியோனார்டுக்கு அடிக்கவும் பலமில்லை. அவன் தோளில் வாயை வைத்து அழுதுகொண்டே வந்தார். கட்டிலில் சாய்த்து முடிச்சை அவிழ்த்ததும் கிரேக் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஒரு பக்கம் காது சிவந்து தடித்திருந்தது. மில்ட்ரெட் கணவரின் பழைய சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

"மேல் கழுவிட்டு இதப் போட்டுட்டுப் போ. அம்மா கீழ நிக்கா."

"ஆன்ட்டி, நான் நாளைக்கு வரட்டா? ஹெல்ப்புக்கு?"

அவள் யோசித்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. "இப்பம் வேண்டாம். அவிய பாக்க மாட்டாவ," என்றாள். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபத்தை எங்கோ படிக்கட்டில் விட்டுவிட்டு வந்ததுபோல உடம்பு மட்டும்தான் வலித்தது.

அவன் போன பிறகு வெந்நீர் வைத்தாள். புரட்டினாள், அவிழ்த்தாள், துடைத்தாள். புண் சிவந்திருந்தது. மருந்து வைத்துக்கொண்டிருக்கும்போது சுவரைப் பார்த்தபடி லியோனார்ட் கேட்டார்.

"மில்ட்ரெட், அந்தக் கையெழுத்தத் திருப்பி வாங்க முடியுமா?"

"முடியாது."

"வக்கீலக் கேட்டுப் பாரேன்."

"ஜட்ஜு முன்னால சொல்லியாச்சுல்லா. முழு மனசோடன்னு."

கொஞ்ச நேரம் அவர் முதுகு குலுங்கியது. "எனக்கு மன்னிக்க முடியலட்டி. அவன் தொட்டதும்தான் தெரிஞ்சுது. மன்னிக்கவே இல்ல நான்."

இந்த ஒரு வார்த்தைக்காக மில்ட்ரெட் நாற்பது நாள் அவரோடு மல்லுக்கட்டியிருந்தாள். வந்தபோது அதில் ஒரு நிம்மதியும் இல்லை. அதைச் சொல்லாமலே இருந்திருந்தால் நல்லா இருந்திருக்கும் என்றுகூடத் தோன்றியது. அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கூடவே கிறிஸ்டோபரின் குரல், அந்தக் குரலை யாருக்கும் அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. கோர்ட்டில் முடிந்தது என்று கேள்விப்பட்டு நாலைந்து பேராக வந்துகொண்டிருந்தார்கள்.

லியோனார்ட் தலையை உதறினார். "கதவச் சாத்து. யாரும் வேண்டாம். தூங்குதேன்னு சொல்லு."

மில்ட்ரெட் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்க் கதவைப் பின்னால் இழுத்துச் சாத்தினாள். கிறிஸ்டோபர் கையில் ஒரு ரோஜாமாலை இருந்தது.

"எங்க நம்ம ஆளு?"

"தூங்குதாவ."

"இந்நேரத்துக்கா?" கிறிஸ்டோபர் மற்றவர்கள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தினாலும் அது உள்ளே கட்டில் வரை கேட்கிற குரல்தான். "மன்னிச்ச மனுசன்லா. மனசுல பாரமில்ல. நல்லாத் தூக்கம் வரும்."

"ஆமா," என்றாள் மில்ட்ரெட். மாலையை வாங்கிக்கொண்டு, அவர்கள் கீழே இறங்கி முடிகிற வரைக்கும் கதவைத் திறக்காமல் அங்கேயே நின்றாள்.